மகளின் பிழையில் பிறந்த இலக்கணம்

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் நம் சிறார்களின் ஆங்கிலக் குறிப்பேட்டைப் புரட்டினால் பக்கந்தோறும் சிவப்பு மை. பிள்ளை தலை குனிகிறது, வாப்பா கடிந்துகொள்கிறார், 'இவனுக்கு இங்கிலீஷ் வராது' என்று வீடே தீர்ப்பளித்துவிடுகிறது. அத்தீர்ப்பை வழங்குமுன், இலக்கணம் என்னும் கலை தோன்றிய வரலாற்றைச் சற்றே நோக்குதல் நலம்.

அரபு இலக்கணமாகிய நஹ்வுக்கு வித்திட்டவர் எனப் போற்றப்படுபவர், பஸ்ராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 69-ல் மறைந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ ஆவார். அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்றுண்டு. ஓரிரவு அவர்தம் மகள், 'வானம் எத்துணை அழகு!' என வியக்க எண்ணினாள். சொல்லிறுதியின் உயிரொலி பிறழ்ந்தமையால், 'வானத்தில் மிக அழகானது எது?' என்னும் வினாவாக அது ஒலித்தது. 'அதன் விண்மீன்கள்' என்றார் தந்தை. 'நான் வினவவில்லை, வியந்தேன்' என்றாள் மகள். தந்தை சரியான ஒலியைச் சொல்லிக்கொடுத்தார். பிழை எங்கே நேர்ந்தது எனச் சிந்தித்தார். அச்சிந்தனையே நஹ்வுக்கு வழிகோலிற்று என்பர்.

ஆங்கிலத்திலும் இதற்கு நிகரான ஒரு வரலாறு உண்டு. 1745-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்த லிண்ட்லி மரே, நியூயார்க்கில் வழக்கறிஞராயிருந்தவர். பின்னர் இங்கிலாந்து சென்று யார்க் நகரருகே குடியேறினார். உடல் தளர்ந்து நடமாட இயலாதிருந்த அவரை, அந்நகர்ப் பெண்கள் பள்ளியின் ஆசிரியைகள் அணுகி, தம் மாணவியர்க்கென ஓர் இலக்கண நூல் வேண்டினர். 1795-ல் வெளிவந்த அந்நூல் ஆங்கிலம் வழங்கிய நாடுகளிலெல்லாம் பரவிற்று. மனனம் செய்யத்தக்க விதிகளைப் பெரிய எழுத்திலும், விளக்கங்களைச் சிறிய எழுத்திலும் அச்சிட்டு, இளம் உள்ளத்தின் சுமையை அவர் குறைத்தார். 1797-ல், பிழையான வாக்கியங்களைத் தந்து மாணவரையே திருத்தச் செய்யும் பயிற்சி நூலையும் வெளியிட்டார்.

நம் நாட்டில் 1930களில் தோன்றி இன்றளவும் பெயர் பெற்று விளங்குவது ரென், மார்ட்டின் இருவரின் நூல். இந்தியாவில் தங்கியிருந்த ஆங்கில அதிகாரிகளின் பிள்ளைகளுக்காகவே அது முதலில் எழுதப்பட்டது என்பர். தாய் மடியில் ஆங்கிலம் கேட்ட பிள்ளைக்கு விதி மட்டும் போதும். கேட்டறியாத பிள்ளைக்கு அவ்விதி எதைக் குறிக்கிறது என்பதே விளங்காது. நம் வீட்டுப் பிள்ளை தடுமாறும் இடம் இதுவே. அது அறிவுக் குறையன்று.

ஆயினும் நம் சிறார்களிடம் பிறர் அறியாத ஒரு முதல் உண்டு. தமிழில் 'வீட்டில்' என்னும்போது வேற்றுமையுருபு பெயருக்குப் பின்னே ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் 'இன் தி ஹவுஸ்' என முன்னே வருகிறது. இம்மாற்றமே பல பிழைகளுக்குத் தாய். ஆனால் மக்தபில் ஓதிய பிள்ளை 'ஃபில் பைத்தி' என்பதை அறியும். 'ஃபீ' என்பது 'இன்'. 'அல்' என்பது 'தி'. 'பைத்' என்பது 'ஹவுஸ்'. வரிசை மாறாமல் மூன்றும் பொருந்துகின்றன! தமிழில் இல்லாத 'எ', 'தி' வேறுபாட்டையும் 'கிதாபுன்' என்றால் ஏதோ ஒரு நூல், 'அல்கிதாபு' என்றால் அறியப்பட்ட அந்நூல் எனக் காட்டிவிடலாம். நாம் பாடஞ்சொல்லிய நாட்களில், இவ்வொப்புமையைக் கரும்பலகையில் எழுதியதும் பிள்ளைகளின் முகம் மலர்ந்ததைக் கண்டிருக்கிறோம்.

'ஷி கோ' என்று எழுதும் பிள்ளையும் அவ்வாறே. 'போகிறாள்' என்பதன் 'ஆள்' பெண்பாலைத் தெளிவாய்க் காட்டுகிறது. 'ஷி கோஸ்' என்பதன் இறுதி ஒலியோ காதில் விழாமலே நழுவுகிறது. அதை உரக்க வாசித்துக் கேட்பித்தபின் விதியைச் சொன்னால் மனத்தில் நிலைக்கும்.

ஆகவே பெற்றோர்க்கு நாம் கூறுவது இது: நாளொன்றுக்கு ஒரு பக்கம் பிள்ளையை உரக்க வாசிக்கச் செய்யுங்கள். ஒரு நாளைக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் எடுத்து, அதைப் பிள்ளையே திருத்தட்டும். திருத்திய வாக்கியத்தைப் போல் ஐந்து வாக்கியங்கள் தன் வீட்டைப் பற்றியே எழுதட்டும். பிழை கண்டவிடத்துக் கைப்பிரம்பை நாடாதீர்கள். பிள்ளை என்ன சொல்ல நினைத்தது என்று முதலில் கேளுங்கள். பஸ்ராவில் அத்தந்தை மகளின் விடைக்குச் செவிகொடுத்தமையால் அன்றோ ஒரு கலையே பிறந்தது!