மெய்நிகர் டெஸ்க்டாப் மேலாண்மை: ஒரு வளர்ச்சி வரலாறும் ஆற்காட்டுத் தோல் தொழிற்பகுதிக்கு அதன் பொருத்தமும்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழிற்பகுதியில், பதனிடும் டிரம்மைப் போலவே கணினியும் இன்று உற்பத்திக் கருவியாகிவிட்டது. ஷூ அப்பருக்கான பேட்டர்ன் திரையில் வரையப்படுகிறது. வெளிநாட்டு வாங்குநரின் மாதிரி மின்கோப்பாக வந்து சேர்கிறது. ஜிஎஸ்டி கணக்கு, ஏற்றுமதி ஆவணம், சம்பளப் பட்டியல் எல்லாம் அதே மேசைமேல்தான். ஆனால் அந்தக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் வைக்கும் வசதி பெரிய ஏற்றுமதி நிறுவனங்களுக்கு மட்டுமே உண்டு. ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு அலகில் ஒரு கணினி படுத்தால் அன்றைய டெஸ்பாட்ச் தள்ளிப்போகும்.

டெஸ்க்டாப்பை மேகக்கணினியில் இயக்கி, ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்கள் இந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்கின்றன. அவற்றில் அண்மையில் சேர்ந்த வசதிகளை விற்பனைக் குறிப்புகள் ஒவ்வொன்றும் தனிப் புதுமை என்றே காட்டுகின்றன. வரலாற்று வரிசையில் வைத்துப் பார்த்தால், அவை பழைய சிக்கல்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்த விடைகள். 2021 முதல் வந்த வசதிகள் ஷிப்டு வேலைக்கும் சீசன் வேலைக்கும் பொருந்துகின்றன என்பதும், சிறு அலகுகள் கூட்டாக எடுத்தால்தான் அவை பலன் தரும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பகிர்ந்த இயந்திரத்திலிருந்து பகிர்ந்த விண்டோஸுக்கு

ஒரே பெரிய இயந்திரத்தைப் பல மெய்நிகர் இயந்திரங்களாகப் பிரித்துப் பலருக்குக் கொடுக்கும் முறையை ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையம் 1960களின் நடுவில் உருவாக்கியது. 1972 ஆகஸ்டில் விஎம்/370 என்ற பெயரில் அது விற்பனைக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு மறு ஆண்டு சென்னை ஐஐடியில் ஐபிஎம் 370/155 நிறுவப்பட்டது. அந்தக் காலத்தில் கணினி என்றாலே பகிர்ந்துகொள்ளும் பொருள்தான். 1980களில் தனிநபர் கணினி வந்து இயந்திரத்தை ஆளுக்கொன்றாக்கியது. பராமரிப்பும் ஆளுக்கொன்றானது அப்போதுதான்.

விண்டோஸை மீண்டும் பகிரத்தக்கதாக்கியது சிட்ரிக்ஸ். ஐபிஎம்மில் பணியாற்றிய எட் யாகோபுச்சி 1989இல் தொடங்கிய இந்நிறுவனம், 1995இல் வின்ஃபிரேமை வெளியிட்டது. சர்வரில் ஓடும் விண்டோஸின் திரைக்காட்சி மட்டும் பயனரிடம் செல்லும். அவருடைய விசைத்தட்டலும் மவுஸ் அசைவும் சர்வருக்குத் திரும்பும். மைக்ரோசாஃப்ட் 1997இல் இத்தொழில்நுட்பத்துக்கு உரிமம் பெற்று, 1998இல் விண்டோஸ் என்டி 4.0இன் டெர்மினல் சர்வர் பதிப்பைக் கொண்டுவந்தது.

இந்த முறையை நம் பக்கத்துக்குப் பெரிய அளவில் கொண்டுவந்தவை பள்ளிகள். 2008 வாக்கில் ஆந்திர அரசு ஏறத்தாழ 5,000 பள்ளிகளில் என்கம்ப்யூட்டிங் கருவிகளைப் பொருத்தி, ஒரு கணினியைப் பல மாணவர்களுக்குப் பகிர்ந்தது. தமிழ்நாட்டில் 2019ஐ ஒட்டி 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் அமைந்த ஹைடெக் லேபுகளிலும் ஒரு சர்வர், அதனுடன் இணைந்த தின் கிளையண்டுகள் (சர்வரின் திரையைக் காட்டும் எளிய முனையங்கள்) என்பதே அமைப்பு. ஆம்பூர்ப் பக்கத்து அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஷூ கம்பெனி அலுவலகத்தில் வேலைக்குச் சேரும் பெண்ணுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. தொழில்நுட்ப ஏற்பைப் பற்றிப் பேசுவோர் இந்த அடித்தளத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

பயனரின் கோப்புகள் எங்கே?

பகிர்ந்த விண்டோஸில் ஒருவர் நிறுவும் மென்பொருள் மற்றவரைப் பாதிக்கும். எனவே 2006 முதல் விஎம்வேர் நிறுவனம் முன்னெடுத்த அடுத்த முறை, ஒவ்வொருவருக்கும் சர்வருக்குள் தனி மெய்நிகர் இயந்திரம் தந்தது. நூறு பேருக்கு நூறு விண்டோஸ் நகல் என்றால் சேமிப்புச் செலவு எகிறும். அந்நிறுவனம் 2008 டிசம்பரில் வெளியிட்ட வியூ 3 பதிப்பு இதற்கு விடை சொன்னது. விண்டோஸின் மூலப் படிமம் (மாதிரி நகல்) ஒன்று. மற்றவை அதிலிருந்து வேறுபடும் பகுதியை மட்டும் சேமிக்கும். மூலத்தை ஒருமுறை திருத்தி, மற்ற இயந்திரங்களை அதிலிருந்து புதுப்பித்துக்கொள்ளலாம்.

நிர்வாகிக்கு இது பெரும் விடுதலை. பயனருக்கோ புதுத் தொல்லை. இயந்திரம் புதுப்பிக்கப்படும்போது அவர் வைத்திருந்த அமைப்புகளும் மின்னஞ்சல் சேமிப்பும் அழிந்துவிடும். அவற்றை வலையமைப்பில் வைத்து உள்நுழையும்போதெல்லாம் நகலெடுத்தால், காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வரும்போது உள்நுழைவுக்கே நெடுநேரம் பிடிக்கும். எஃப்எஸ்லாஜிக்ஸ் என்ற நிறுவனம் இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது, அதனாலேயே வலிமையானது: பயனரின் முழுச் சுயவிவரத்தையும் ஒரு மெய்நிகர் வட்டுக் கோப்பாக்கி, அவர் உள்நுழையும் கணத்தில் அதை அந்த இயந்திரத்தோடு இணைத்துவிடுவது. நகலெடுப்பே இல்லை. மைக்ரோசாஃப்ட் 2018 நவம்பரில் அந்நிறுவனத்தை வாங்கியது. மேகக்கணினி டெஸ்க்டாப் மலிவானதற்கு முதன்மைக் காரணமாக நான் கருதுவது இந்த மாற்றத்தைத்தான். பயனரின் கோப்புகள் இயந்திரத்திலிருந்து பிரிந்த பிறகே, எந்த இயந்திரத்தையும் யாருக்கும் தரலாம், வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம் என்ற நிலை உண்டானது.

அமேசான் ஒர்க்ஸ்பேசஸ் 2013 நவம்பரிலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் வர்ச்சுவல் டெஸ்க்டாப் 2019 செப்டம்பர் 30 அன்று பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே விண்டோஸ் 10இல் பலர் உள்நுழையும் வசதி அதன் சிறப்பு. ஆனால் முதல் பதிப்பை நிர்வகிக்கக் கட்டளை வரிகள் எழுதத் தெரிய வேண்டியிருந்தது. 2020 மார்ச் ஊரடங்கு, வீட்டிலிருந்து வேலை செய்யும் கட்டாயத்தை உலகெங்கும் உருவாக்கியது. அவ்வாண்டிலேயே நிர்வாகம் மைக்ரோசாஃப்டின் மேகக்கணினித் தளமான அஸூரின் இணையப் பலகைக்கு வந்தது. 2021 ஜூனில் அஸூர் வர்ச்சுவல் டெஸ்க்டாப் என்று பெயரும் மாறியது.

புதிய வசதிகள்

இதற்குப் பிறகு வந்தவற்றில் தோல் தொழிலுக்குப் பொருள் உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது செலவு. அஸூர் வர்ச்சுவல் டெஸ்க்டாப்பில், யாராவது இணையும்போது மட்டும் இயந்திரத்தை எழுப்பும் வசதி 2021இலும், கால அட்டவணைப்படி இயந்திர எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும் தானியங்கி அளவிடல் 2022இலும் வந்தன. 2023இல் வந்த மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 365 ஃபிரண்ட்லைன், ஒரு உரிமத்தில் மூன்று பேருக்கு மேகக்கணினி தருகிறது. ஒரு நேரத்தில் ஒருவரே இயக்கலாம் என்பது நிபந்தனை. காலை ஷிப்டின் சூப்பர்வைசரும் இரவு ஷிப்டின் சூப்பர்வைசரும் ஒரே உரிமத்தைப் பங்கிட முடிகிறது. ஆர்டர் வரும் மாதங்களில் ஆளைக் கூட்டி, வராத மாதங்களில் குறைக்கும் தொழிலுக்கு இதன் அருமை தெரியும்.

இரண்டாவது இரகசியம். அடுத்த சீசனின் வடிவமைப்பு சந்தைக்கு வருமுன் கசிந்தால் வாங்குநர் அந்த அலகோடு உறவை முறித்துக்கொள்வார். திரைப்பிடிப்புத் தடை என்ற வசதி ஸ்கிரீன்ஷாட்டைக் கறுப்பாக்கும். செல்போனில் படமெடுப்பதை அது தடுக்காது. எனவே 2023இல் நீர்க்குறி வசதி சேர்ந்தது: திரையெங்கும் மங்கலான க்யூஆர் குறி தெரியும், வெளியான படத்தை வைத்து, அது எந்த இணைப்பில் எடுக்கப்பட்டது என்று நிர்வாகி கண்டுபிடிக்கலாம். ஜாப் ஒர்க் செய்யும் சிறு அலகு தன் நேர்மையை வாங்குநரிடம் நிறுவிக்காட்டவும் இது உதவும்.

மூன்றாவது இணைப்பு. 2022இல் பொது வலையமைப்புக்கும் விரிந்த ஆர்டிபி ஷார்ட்பாத் என்ற வசதி, இடைநிலை வாயிலைத் தவிர்த்து யுடிபி நெறிமுறை வழியாக நேரடிப் பாதை அமைக்கிறது. நிலையற்ற இணைப்பில் திரை தடுமாறுவது குறையும். இணைப்புக்கான அடித்தளமும் உண்டு: சென்னையில் மைக்ரோசாஃப்டின் தரவு மையப் பகுதி 2015 முதல் இருக்கிறது. 12,525 ஊராட்சிகளை இழைவடத்தால் இணைக்கும் தமிழ்நாடு ஃபைபர்நெட் திட்டமும் நடக்கிறது.

தமிழ்த் தட்டச்சில் ஒரு கவனம் வேண்டும். விசைப்பலகை மென்பொருள் உள்ளூர்க் கணினியில் மட்டும் இருந்தால் தொலைவிலுள்ள திரையில் எழுத்து பிழையாக விழலாம். தமிழ்99 விசைப்பலகையை மூலப் படிமத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

கூட்டு அமைப்பும் அதன் ஆபத்தும்

இந்த வசதிகளை இருபது கணினி வைத்திருக்கும் அலகு தனியாக எடுத்தால், படிமம் திருத்தவும் அட்டவணை அமைக்கவும் தெரிந்த ஆளுக்குச் சம்பளம் கொடுத்தே கட்டுப்படியாகாது. செலவைக் கூட்டாகச் சுமப்பதில் இப்பகுதிக்கு முன் அனுபவம் இருக்கிறது. டேனரிக் கழிவு மாசுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தபோது, தனித்துக் கழிவுநீரைச் சுத்திகரிக்க முடியாத சிறு டேனரிகளைக் காப்பாற்றியவை பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் டேனரிகள் பங்குதாரர்களாகச் சேர்ந்து அவற்றை நடத்தின. கணினி நிர்வாகத்துக்கும் அதே கூட்டு வடிவம் பொருந்தும். கருவிகளும் அயலிலிருந்தே வர வேண்டும் என்பதில்லை. சென்னையில் வளர்ந்த ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின், டெஸ்க்டாப் சென்ட்ரல் என்ற பெயரில் தொடங்கி 2022இல் எண்ட்பாயிண்ட் சென்ட்ரல் ஆன மென்பொருளால், கணினிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வேலையை நெடுநாளாகச் செய்துவருகிறது.

கூட்டு அமைப்பின் ஆபத்தையும் இம்மண் அறியும். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பொதுச் சொத்துக்குப் பொறுப்பானவர் யார் என்பது எழுத்தில் தெளிவாக இல்லாவிட்டால் விலை கொடுப்பவர் தொழிலாளிதான். கணினி உலகிலும் இது நடக்கிறது. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக்கின் ஒரு பிழையான புதுப்பிப்பு, சுமார் 85 இலட்சம் விண்டோஸ் இயந்திரங்களை முடக்கியது. உரிமையாளர் மாறுவது இன்னொரு ஆபத்து. சிட்ரிக்ஸ் 2022இல் தனியார் முதலீட்டாளர்களிடம் போனது. விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. விஎம்வேரின் டெஸ்க்டாப் பிரிவு 2024இல் ஆம்னிஸா என்ற தனி நிறுவனமாயிற்று. விலையும் உரிம விதியும் எங்கோ தீர்மானமாகும்போது, ஒப்பந்தத்தில் பிடி இல்லாத சிறு அலகு தப்ப வழியில்லை.

ஆகவே ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடித் தொழிற்சங்கங்களும் டேனரி உரிமையாளர் அமைப்புகளும் இதைத் தனித்தனி விற்பனையாளரிடம் விட்டுவிடாமல், சேர்ந்து ஒரே ஒப்பந்தமாகப் பேச வேண்டும். மூலப் படிமமும் பயனர் சுயவிவரக் கோப்புகளும் அலகுக்கே சொந்தம் என்றும், அவற்றின் நகல் உள்ளூரில் இருக்கும் என்றும் அதில் எழுத வேண்டும். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட ஆணைப்படி பதிவுகளை 180 நாள் காப்பதும், இணையத் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிப்பதும் யார் பொறுப்பு என்று பெயர் குறித்து எழுத வேண்டும். விலக விரும்பும் அலகு தன் தரவோடு விலகும் காலக்கெடுவும் இருக்க வேண்டும். இவை எழுத்தில் வராதவரை எந்த அலகும் கையெழுத்திட வேண்டாம்.