பாட்டுக்கு ஒரு பட்டம்

எங்கள் தெருவில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஒருநாள் காலையில் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு விண்ணப்பப் படிவம், முகத்தில் கவலை. அவருடைய பெண் பள்ளிப் படிப்பை நல்ல மார்க்குடன் முடித்திருக்கிறாள். ஆனால் கணக்கும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம், சர்வகலாசாலையில் சங்கீதம் படித்துப் பட்டம் வாங்கியே தீருவேன் என்கிறாள்.

"பாட்டை வீட்டோடு கற்றுக்கொள்ளட்டுமே ஸார்! அதற்கு ஒரு பட்டம் எதற்கு? நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பாள்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கேள்விக்கு வயது ஏறக்குறைய நூறு. அவருக்குக் காப்பி கொடுத்து உட்கார வைத்து, எனக்குத் தெரிந்த சரித்திரத்தைச் சொன்னேன்.

ஒரு காலத்தில் சங்கீதம் கற்க விரும்பிய பையன் குருவின் வீட்டுக்குப் போனான். தண்ணீர் இறைத்தான், துணி துவைத்தான். குருவுக்கு மனசு வந்த நேரத்தில் பாடம் நடந்தது. காதால் கேட்டுத் தொண்டையில் ஏற்றிக்கொள்வதுதான் படிப்பு. அந்த வழியில் மகா வித்வான்கள் உண்டானார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் குரு வாசற்கதவைச் சாத்திவிட்டால், மேல் முறையீடு செய்ய இடம் கிடையாது.

கதவு மெல்லத் திறந்தது புத்தகங்களால். 1904ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீக்ஷிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' ஸ்வரக் குறிப்புகளுடன் அச்சாகி வெளிவந்தது. தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் சங்கீத மகாநாடுகள் கூட்டினார். 1917ல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெரிய நூலை வெளியிட்டார். காற்றில் இருந்தது காகிதத்துக்கு வந்துவிட்டால், அடுத்தது வகுப்பறைதானே?

1927ல் சென்னையில் காங்கிரஸ் மகாசபையை ஒட்டி அகில இந்திய சங்கீத மகாநாடு நடந்தது. அதன் பலனாக மறு வருஷம் மியூசிக் அகாடமி தோன்றியது. அதே 1928ல் ராணி மேரிக் கல்லூரியில் பேராசிரியர் சாம்பமூர்த்தி சங்கீதம் கற்பிக்கத் தொடங்கினார். 1931ல் ஜெர்மனிக்கு மியூனிக் நகரம் சென்று மேல்நாட்டு இசையும் படித்துத் திரும்பிய மனிதர் அவர். 1929ல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி நிறுவினார். 1932ல் சென்னை சர்வகலாசாலையில் டிப்ளமா வகுப்பு ஆரம்பமாயிற்று. அதன் தலைமைப் பதவியில் டைகர் வரதாச்சாரியார் அமர்ந்தார்.

சிதம்பரத்தில் யார் யார் பாடம் சொன்னார்கள் என்று பாருங்கள். மகா வைத்தியநாதையரின் சீடர் சபேசையர். தஞ்சை நால்வரின் வமிசத்தில் வந்த பொன்னையா பிள்ளை. குருகுலத்திலேயே பழுத்தவர்கள் கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்றார்கள்! 1941ல் தமிழிசை மகாநாடு கூடியதும் அந்த அண்ணாமலை நகரில்தான். அந்தக் கிளர்ச்சியிலிருந்து 1943ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. எந்த மொழியில் பாடுவது என்ற வாதத்துக்கே ஒரு கல்லூரி களமாயிற்று.

"மணி அடித்தால் ராகம் பாதியில் நின்றுபோகுமே?" என்றார் நண்பர்.

உண்மைதான். எழுபத்திரண்டு மேளகர்த்தாவையும் பரீட்சைத் தாளில் வரிசையாக எழுதிவிடலாம். ஆனால் தோடியில் காந்தாரத்தை அசைக்கும் நேர்த்தியை மூன்று மணி நேரத்தில் எழுதிக் காட்ட முடியாது. மனோதர்மத்துக்கு மார்க் போடும் வித்தையை எந்தச் சர்வகலாசாலையும் கண்டுபிடிக்கவில்லை.

இருந்தாலும் கல்லூரி செய்த வேறொரு காரியத்தை நினைக்க வேண்டும். 1856ல் இங்கிலாந்தில் எலிசபெத் ஸ்டர்லிங் என்ற பெண்மணி, சங்கீதப் பட்டத்துக்காகத் தாம் அமைத்த இசையை ஆக்ஸ்போர்டுக்குச் சமர்ப்பித்தார். இசை தேறியது; பட்டம் கிடைக்கவில்லை. பெண்ணுக்குப் பட்டம் கொடுக்க அங்கே சட்டம் இல்லை! 1920ல்தான் ஆக்ஸ்போர்டு மனம் மாறியது. நம் ஊரிலோ, கல்லூரிச் சங்கீதம் வேரூன்றிய முதல் இடங்களில் ஒன்று பெண்கள் கல்லூரி.

கௌரவமான குடும்பத்துப் பெண் மேடையில் பாடலாகாது என்று சொன்ன சமூகம் இது. பரம்பரையாகப் பாடிய குலத்துப் பெண்களின் பாட்டை ரசித்துவிட்டு, அவர்களைத் தள்ளி வைத்த சமூகமும் இதுதான். 1949ல் சர்க்கார் சென்னையில் கர்நாடக சங்கீதக் கல்லூரி தொடங்கி, முசிறி சுப்பிரமணிய ஐயரைத் தலைவராக்கியது. அங்கே வீணை தனம்மாளின் பேத்தி பிருந்தா ஆசிரியையாக வந்து அமர்ந்தார். எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளும் அவரை எழுந்து நின்று வணங்கிவிட்டுப் பாடம் கேட்க வேண்டியிருந்தது. பட்டப் படிப்பின் பெருமை எனக்கு அங்கேதான் தெரிகிறது.

2013ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு தன் நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டில் இசைக்கும் கவின்கலைகளுக்கும் என்றே தனியாக ஓர் அரசுப் பல்கலைக்கழகமும் ஏற்பட்டது. படிவம் வாங்க இன்று யாரும் குருவின் வாசலில் தண்ணீர் இறைக்க வேண்டியதில்லை.

"பட்டம் வாங்கினால் கச்சேரி கிடைத்துவிடுமா?" என்றார் நண்பர்.

"கிடைக்காது. தகப்பனார் வாயை அடைக்கலாம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சற்று நேரம் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "எங்கள் பாட்டிக்கு நூறு கீர்த்தனை பாடமாம். சமையலறையைத் தாண்டி ஒருநாளும் பாடினதில்லையாம்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி, "கடைசித் தேதி என்றைக்கு என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார்.