பரிசோதித்தவர் பெயர்

அச்சுப் பிழைகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "உன் உரையை எழுத்தாக்கும்போது கவனமாக இரு" என்று எச்சரித்தார். நியாயமான எச்சரிக்கைதான்.

கனடாவில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அண்மையில் ஒரு சிறுமி கதைப்புத்தகத்தைப் பார்த்துத் தன் கொப்பியில் 'பரவை பறந்தது' என்று எழுதியிருந்தாள். 'பறவை' என்று திருத்தினேன். அவள் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "இதில இப்பிடித்தானே கிடக்கு, சேர்?" என்றாள். பரவை என்றால் கடல். கடல் பறந்ததாக அச்சடித்திருந்தார்கள். ஊரில் ஒரு சொல்லைச் சரிபார்க்கக் கடைப் பலகை, செய்தித்தாள், அப்பாச்சி என்று பல வழிகள் உண்டு. இங்கே பல வீடுகளில் அந்தப் புத்தகம் மட்டுமே இருக்கிறது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தகத்தின் முதல் பக்கங்களைப் புரட்டினேன். எழுதியவர், ஓவியர், அட்டையை வடிவமைத்தவர், அச்சகம் என எல்லோருடைய பெயரும் இருந்தது. பிழை பார்த்தவர் பெயர் மட்டும் இல்லை.

ஒரு காலத்தில் அந்தப் பெயர் நூலின் முகப்பிலேயே இருந்தது. 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு வெளிவந்தது. பதிப்பித்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை, பரிசோதித்தவர் ஆறுமுக நாவலர். அக்கால நூல் முகப்புகளில் இன்னார் 'பரிசோதித்தது' என்ற குறிப்பை அடிக்கடி காணலாம். அந்தக் குறிப்பைப் பார்த்து நூலை நம்பி வாங்கினார்கள்.

அந்த வேலை ஏன் அவ்வளவு மதிக்கப்பட்டது? ஏட்டுச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. 'ர'வும் துணைக்காலும் ஒரே வடிவில் இருந்தன. ஏட்டைப் பார்த்து அச்சிட வேண்டுமானால் ஒவ்வோர் எழுத்தையும் இன்னதென்று யாராவது தீர்மானிக்க வேண்டும். இலக்கணமும் நூற்பொருளும் தெரியாதவரால் அது முடியாது. பிழை பார்ப்பதும் புலமையும் அன்று வேறுவேறாக இருக்கவில்லை.

1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய நாவலரின் பதிப்புகள் பிழையின்மைக்குப் பேர் பெற்றவை. அவர் 1879இல் மறைந்தார். 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பதிப்பித்த தாமோதரம்பிள்ளை, பெரிய பட்டங்களைச் சுமக்காத தம் போன்றவர்கள்தாம் இந்த வேலையில் இறங்க வேண்டியிருக்கிறது என்ற பொருளில் எழுதினார். பிழை நேர்ந்தால் பெயர் கெட்டுவிடும் என்று வித்துவான்கள் அஞ்சிய காலம் அது. 1887இல் சீவக சிந்தாமணியைக் கொண்டுவந்த உ. வே. சாமிநாதையருக்குக் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர் வேலை, அச்சுக்கூடமோ சென்னையில். விடுமுறை நாட்களை அச்சுத்தாள் திருத்துவதில் கழித்தார்.

அப்படியும் பிழைகள் வந்தன. கையால் எழுத்துக் கோத்த காலத்தில் சில பக்கங்களை அச்சடித்ததும் அதே எழுத்துகளைப் பிரித்து அடுத்த பக்கங்களுக்குக் கோப்பார்கள். பிறகு கண்ணில் படும் பிழையைத் திருத்த வழியில்லை. அதனால்தான் பழைய நூல்களில் 'பிழை திருத்தம்' என்று ஒரு பக்கம் வந்தது. அதைப் பார்த்து வாசகர் தம் பிரதியில் திருத்திக்கொள்வார். பிழையை ஒப்புக்கொள்வதில் அவர்களுக்கு வெட்கம் இருக்கவில்லை.

கணினி வந்தபின் கடைசி நிமிடம் வரை திருத்தலாம் என்றாயிற்று. பிறகு திருத்தலாம் என்று விட்டதை யாரும் திருத்துவதில்லை. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் போய் நிற்கின்றன. பழைய நூலை வருடி எழுத்துணரியில் கொடுத்தால் துணைக்கால் 'ர' ஆகி, 'காலம்' 'கரலம்' என்று வருகிறது. ஏட்டில் நாவலரைத் தொல்லைப்படுத்திய அதே குழப்பம்! சொல்திருத்தி மென்பொருள் 'கரலம்' என்பதைப் பிடித்துவிடும். 'பரவை'யைப் பிடிக்காது, அதுவும் நல்ல தமிழ்ச்சொல்தானே. பொருள் அறிந்து வாசிக்கும் ஒருவர் அங்கே வேண்டும்.

வெளிநாட்டில் நம்மில் பலர் இப்போது நூல் வெளியிடுகிறோம். மண்டபத்துக்கும் அட்டைக்கும் செலவு ஒதுக்குகிறோம். பிழை பார்க்க, இருப்பவரிலேயே தமிழ் தெரிந்த நண்பரிடம் இரண்டு நாள் கொடுத்து, கூலி இல்லாமல் வாங்கிக்கொள்கிறோம். நானும் அப்படிக் கேட்டிருக்கிறேன். இனி அவருக்குப் போதிய நாட்களும் ஊதியமும் கொடுப்போம். பெயரையும் முன்பக்கத்தில் போடுவோம். பெயர் அச்சாகும் என்று தெரிந்தால் யாரும் இன்னொரு முறை வாசிப்பார்கள்.

அந்தச் சிறுமியிடம் ஒரு பென்சில் கொடுத்துப் புத்தகத்திலேயே திருத்தச் சொன்னேன். "புத்தகத்தில எழுதலாமா, சேர்?" என்று தயங்கினாள். நூறு வருடங்களுக்கு முன் எல்லோரும் எழுதினார்கள் என்றேன். 'ர'வை வெட்டி, மேலே 'ற' என்று எழுதினாள்.