வரிசையில் வரவும் – 6: ரொட்டிக்கடை டோக்கன்

சென்ற வாரம் லெஸ்லி லாம்போர்ட்டை ஒரு கடிதத்தோடு விட்டுவிட்டு வந்தோம். பிரித்துப் பார்த்தால் சேதி ஒன்றுதான்: நீங்கள் அனுப்பிய வழிமுறை தப்பு.

அப்போது அவருக்கு முப்பது சொச்சம் வயது. மாசசூசெட்ஸ் கம்ப்யூட்டர் அசோசியேட்ஸில் வேலை. 1972-ல் ஐசன்பெர்க், மெக்வயர் என்ற இருவர் எழுதிய தீர்வைப் படித்தவருக்கு, இதற்கா இத்தனை பாடு என்று தோன்றியிருக்கிறது. சின்னதாக ஒன்றை மடமடவென்று எழுதி அதே சஞ்சிகைக்கு அனுப்பிவிட்டார். அதில்தான் ஓட்டை. தன் மேலேயே வந்த கோபத்தில்தான் ஒழுங்காக உட்கார்ந்து யோசித்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கோபம் சிலருக்கு நன்றாக வேலை செய்கிறது.

தொடரில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, விஷயம் இதுதான். பல நிரல்கள், ஒரே பொருள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொடலாம். நடுவர் கிடையாது, வாட்ச்மேன் கிடையாது. நினைவகத்தில் எழுதலாம், படிக்கலாம், அவ்வளவுதான். 1965-ல் ஹாலந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இதை ஒரே பக்கத்தில் தீர்த்தார். இரண்டு பேர் உள்ளே போகவும் கூடாது. "நீங்க முதல்ல", "இல்லல்ல, நீங்க" என்று இருவரும் வாசலிலேயே நின்றுவிடவும் கூடாது. இரண்டையும் சாதித்தார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். யாரோ ஒரு பாவப்பட்டவர் மட்டும் காலமெல்லாம் வெளியே நிற்க நேரலாம்.

அடுத்த வருடமே டொனால்ட் க்னூத் அதைச் சுட்டிக்காட்டி, மாற்றும் கொடுத்தார். 10 பேர் இருந்தால், மோசமான நேரத்தில் உங்களுக்கு முன்னால் 511 முறை மற்றவர்கள் உள்ளே போய்வரலாம், அதற்குமேல் போகாது. 1967-ல் டி ப்ரெய்ன் அதை 45 ஆக்கினார். ஐசன்பெர்க்கும் மெக்வயரும் 9 ஆக்கினார்கள். மற்ற 9 பேரும் ஆளுக்கு ஒரு தடவை. இதைவிட நியாயம் வேண்டுமா என்று கேட்டால், எனக்கும் பதில் தெரியாமல்தான் இருந்திருக்கும்.

ஆனால் இவர்கள் எல்லோரிடமும் ஒரு பொதுப்பலகை இருந்தது. 'இப்போது யார் முறை' என்று அதில் எழுதியிருக்கும். யார் வேண்டுமானாலும் அழித்து எழுதலாம். இரண்டு பேர் ஒரே நொடியில் எழுதினால்? நினைவகமே ஒருவரை நிறுத்தி மற்றவரை விடவேண்டும். அதாவது, பூட்டு செய்யவே உள்ளே இன்னொரு குட்டிப் பூட்டு தேவைப்பட்டது.

லாம்போர்ட் பொதுப்பலகையைத் தூக்கிப் போட்டார். ரொட்டிக்கடையில் டோக்கன் கிழித்துக்கொண்டு நிற்பார்களே, அந்த முறை. ஆனால் டோக்கன் இயந்திரம் இல்லை. இருந்தால் அதற்கே வரிசை வேண்டும். அவரவர் கையில் ஒரு சிலேட்டு. யாரும் யாருடையதையும் பார்க்கலாம். எழுதுவது சொந்தச் சிலேட்டில் மட்டும். கடைக்கு வந்ததும் எல்லோர் சிலேட்டையும் பாருங்கள். பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டி உங்களுடையதில் எழுதுங்கள். சிறிய எண் முதலில் போகும். வேலை முடிந்ததும் பூஜ்யம். இரண்டு பேருக்கு ஒரே எண் வந்துவிட்டால், பதிவேட்டில் யார் பெயர் முன்னால் இருக்கிறதோ அவருக்கு முன்னுரிமை.

முடிந்ததா? இல்லை. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும்.

கடை காலி. முருகனும் வேலனும் வருகிறார்கள். பதிவேட்டில் முருகன் முன்னால். முருகன் பார்க்கிறார்: எல்லாம் பூஜ்யம், நம் எண் 1. எழுதக் கையெடுக்கிறார், அதற்குள் கண் அசந்துவிட்டார். வேலனும் பார்க்கிறார்: எல்லாம் பூஜ்யம். 1 என்று எழுதிவிட்டு முருகன் சிலேட்டைப் பார்க்கிறார். பூஜ்யம், ஆள் வரிசையிலேயே இல்லை. உள்ளே போய்விட்டார். முருகன் விழிக்கிறார், 1 என்று எழுதுகிறார். வேலனுக்கும் 1 தான், ஆனால் பதிவேட்டில் நான் முந்தி! அவரும் உள்ளே போகிறார். ஒரே அடுப்பில் இரண்டு பேர் கை வைத்தாயிற்று.

பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே இருக்கும் அந்த இமைப்பொழுதை அடைக்க, லாம்போர்ட் ஆளுக்கொரு கொடி கொடுத்தார். எண் தேட ஆரம்பிக்கும்போது கொடியைத் தூக்கு, எழுதியபின் இறக்கு. அடுத்தவர் கொடி மேலே இருந்தால், அது இறங்கும்வரை அவர் சிலேட்டை நம்பாதே. அவ்வளவுதான். வேலன் இப்போது முருகன் விழிக்கும்வரை காத்திருப்பார். ஒருவருடைய இயந்திரம் நடுவில் செத்தாலும் அவர் சிலேட்டும் கொடியும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டால் போதும், வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்.

இது சரிதான் என்பதற்கு ஒரு நிரூபணமும் எழுதினார். ஒரு தடவை சூடுபட்டவர் ஆயிற்றே. எழுதி முடித்துப் பார்த்தபோதுதான் வினோதம் தெரிந்தது. வேலன் எழுதிக்கொண்டிருக்கும்போதே முருகன் எட்டிப் பார்த்தால் என்ன தெரியும்? பாதி எழுதிய கிறுக்கல் தெரியலாம். சிலேட்டில் 0 அழிந்து 1 வரும் நேரத்தில், பார்ப்பவர் கண்ணுக்கு 7456 தெரிந்தால்கூட வழிமுறை பிசகாது! நிரூபணத்தில் எந்த வரியும் அந்த எண்ணை நம்பி நிற்கவில்லை. அதனால்தான் இதை, தான் உருவாக்கியதாகச் சொல்லாமல் கண்டுபிடித்ததாக லாம்போர்ட் சொல்கிறார். எனக்கு இது தன்னடக்கமாகத் தெரியவில்லை. அவர் வைக்காத ஒன்று அதற்குள் இருந்தது.

இதை அலுவலக நண்பர் அனடோல் ஹோல்ட்டிடம் காட்டினார். ஹோல்ட் அதிர்ந்துபோனார். நிரூபணத்தை வரிவரியாகப் பார்த்தார், குறை எதுவும் சிக்கவில்லை. ஆனாலும் நம்ப மறுத்தார். எங்கேயோ ஓட்டை இருக்கிறது, கண்டுபிடித்தே தீருவேன் என்று அன்றிரவு கிளம்பிப் போனார்.

1974 ஆகஸ்டில் கட்டுரை அச்சேறிவிட்டது. நிரூபணம் இன்றுவரை அசையவில்லை. ஆனால் அந்த வழிமுறையை அப்படியே எழுதி, இன்று உங்கள் மேஜை மேல் இருக்கும் கணிப்பொறியில் ஓட்டினால், முருகனும் வேலனும் ஒன்றாக உள்ளே நுழைந்துவிட முடியும். அது எப்படி என்பதற்கான விடையும் லாம்போர்ட்டிடம்தான், 1979-ல் எழுதிய இன்னொரு கட்டுரையில் இருக்கிறது. ஒரு குறிப்பு தருகிறேன்: குற்றவாளி வரிசையில் நிற்பவர் இல்லை, சிலேட்டு. வரும் வாரத்துக்குள் யோசித்து வையுங்கள்.

(தொடரும்)