கடன் கிடைக்கிறது, ஆர்டர் கிடைப்பதில்லை

குருபரப்பள்ளியிலிருந்து ஓசூர் சாலையில் போனால் ஜூஜூவாடியோடு தமிழ்நாடு முடிகிறது, அப்பால் அத்திப்பள்ளி. அந்தப் பக்கத்து தலித் ஒப்பந்தக்காரருக்குச் சட்டம் தரும் ஓர் உரிமையைப் பற்றி இந்தப் பக்கம் நாம் அதிகம் பேசியதில்லை. அது அரசு யாரிடம் வாங்குகிறது என்ற கேள்வி.

இந்தக் கேள்வியை நாடறியக் கேட்டது 2002 ஜனவரியில் கூடிய போபால் மாநாடு. அரசின் கொள்முதலிலும் பங்கு வேண்டும் என்று தலித் அறிவாளர்கள் அங்கே கேட்டார்கள். சந்திரபான் பிரசாத் போன்றோர் அமெரிக்கக் கறுப்பினத் தொழில்முனைவோருக்கான கொள்முதல் முறைகளை முன்மாதிரியாகக் காட்டினார்கள். திக்விஜய் சிங் அரசு மத்தியப் பிரதேசக் கொள்முதலில் 30 சதவீதத்தை பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்குவது என்று முடிவெடுத்தது. அடுத்த ஆண்டே ஆட்சி மாறிவிட்டது.

பத்தாண்டு கழித்து, 2012 மார்ச்சில் மத்திய அரசின் ஆணை வந்தது. அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து 20 சதவீதம் வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் எஸ்.சி., எஸ்.டி. உரிமையாளர்களிடமிருந்து. முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். குறைந்த விலை கேட்டவரைவிட 15 சதவீதம் வரை கூடுதலாகக் கேட்ட சிறு நிறுவனமும், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கி வந்தால், ஒரு பகுதியை சப்ளை செய்யலாம். 2018-ல் 20 சதவீதம் 25 ஆனது. நம்முடைய 4 அப்படியே நின்றது.

அந்த ஆணையிலேயே ஒரு ஓட்டையும் இருக்கிறது. எஸ்.சி., எஸ்.டி. நிறுவனங்கள் டெண்டரில் கலந்துகொள்ளாவிட்டால், அல்லது நிபந்தனைக்கும் விலைக்கும் ஒத்துவராவிட்டால், அந்த 4 சதவீதத்தை மற்ற சிறு நிறுவனங்களிடம் வாங்கிக்கொள்ளலாம். வேலைவாய்ப்பில் 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று கோப்பை மூடுவார்களே, அதே கதைதான். 2010-களின் இறுதிவரை அந்தக் கொள்முதல் 1 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. உள்ளாட்சிகளையோ இந்த ஆணை கட்டுப்படுத்துவதே இல்லை.

கர்நாடகம் வேறு வழியில் போனது. சித்தராமையாவின் முதல் ஆட்சியில் கொள்முதல் சட்டத்தையே திருத்தி, 50 லட்சம் ரூபாய் வரையிலான பணிகளில் 17.15 சதவீதத்தை பட்டியல் சாதியினருக்கும் 6.95 சதவீதத்தை பழங்குடியினருக்கும் ஒதுக்கினார்கள். உள்ளாட்சிகளும் இதில் அடக்கம். 2023-ல் வரம்பு 1 கோடியானது. பினாமி ஆபத்து அங்கும் உண்டு. ஆனாலும் அங்கே ஒருவர் சட்டத்தைக் காட்டி 'என் பங்கு எங்கே' என்று கேட்க முடியும்.

இங்கே 2023-ல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் வந்தது. 35 சதவீத மானியம், வட்டியிலும் சலுகை. நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் மானியத்தில் வாங்கிய மெஷின் ஓட ஆர்டர் வேண்டும். ஆர்டரோ யார் யாருக்குத் தெரிந்தவர் என்பதில் இருக்கிறது, தெரிந்தவர் என்பதில் சாதி இருக்கிறது.

ஊராட்சியும் ஒன்றியமும் தெருவிளக்கு பல்பு, பைப், பிளீச்சிங் பவுடர், நாற்காலி என்று ஆண்டு முழுக்க வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. கடந்த மூன்று ஆண்டுகளில் எதை, யாரிடம், என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். பதில் வந்ததும் கிராம சபையில் வாசிப்போம்.