இலங்கை உள்நாட்டுப் போர்: இந்தியாவின் நிலைப்பாடு

இலங்கையில் 1983 முதல் 2009 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இந்தியா தூது போனது; போராளிகளுக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது; விமானத்திலிருந்து அரிசி போட்டது; படை அனுப்பிச் சண்டையிட்டது; அடிபட்டுத் திரும்பி ஒதுங்கி நின்றது; கடைசியில் கொழும்புக்கு ஓசையில்லாமல் கைகொடுத்தது. இத்தனை மாறியும் தில்லியின் அறிக்கைகளில் மாறாமல் நின்ற வாசகம் ஒன்றுதான்: ஒன்றுபட்ட இலங்கைக்குள் தமிழர்களுக்கு நியாயமான தீர்வு. இந்த வாசகத்தின் முன்பாதிக்கு ஆபத்து வந்தபோதெல்லாம் இந்தியா அசைந்தது. பின்பாதியைப் பெரும்பாலும் பேசிப் பார்த்துக்கொள்ளலாம் என்றே விட்டுவைத்தது.

அக்கரை

தாமிரபரணிக் கரை வணிக ஊரான ஏரலுக்குத் தில்லியைவிடக் கொழும்பு பல மடங்கு கிட்டம். ஏரலை அடுத்த கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகம். இன்று அதைச் சுற்றி வாழையும் நெல்லும்தான். கடல் பின்வாங்கிப் போய்விட்டது. ஆற்றின் பெயரே தீவின் பழைய பெயர்களில் ஒன்று. அசோகரின் கல்வெட்டுகள் சொல்லும் தாம்பபண்ணியும் கிரேக்கர் எழுதிய தப்ரோபனேயும் இலங்கையைக் குறிப்பதாகவே பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். பெயர் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போனதா, அங்கிருந்து இங்கு வந்ததா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

அண்மைக்கால உறவுக்கு அவ்வளவு பழைய சான்று தேவையில்லை. வ. உ. சிதம்பரனார் 1906-ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையேதான் கப்பல் ஓட்டியது. காயல்பட்டினத்து வணிகர்கள் கொழும்பில் கடை வைத்தார்கள். நெல்லைச் சீமையின் உள்ளூர்களிலிருந்து ஆட்கள் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். தூத்துக்குடித் தோணிகள் சரக்கேற்றி அக்கரைக்குப் போய் வந்தன. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு இந்தப் பக்கத்து வீடுகளில் அன்றாடம் ஒலித்தது. இந்தியாவின் இலங்கைக் கொள்கை தில்லியில் எழுதப்பட்டாலும் அதன் விளைவுகள் முதலில் வந்து சேர்ந்தது இந்தக் கரையில்தான்.

குடியுரிமைக் கணக்கு

போருக்கு முந்தைய இந்திய நிலைப்பாடு ஈழத் தமிழரைப் பற்றியது அல்ல, தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழரைப் பற்றியது. 1948-ன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அவர்களை இந்தியக் குடிமக்களாக மொத்தமாக ஏற்க நேரு மறுத்தார். 1954-ல் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையோடு செய்த உடன்பாடும் பெரிதாகப் பயன் தரவில்லை. 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். அந்த மீதியை 1974-ல் ஆளுக்கு 75,000 என்று இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதியாக வெட்டிக்கொண்டார்கள். பங்கு போடப்பட்டவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கப்பலேறி வந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. அவர்களில் பலர் இந்தத் தாயகத்தை அதற்குமுன் பார்த்ததே இல்லை.

அதே 1974-ல் கச்சத்தீவும் இலங்கைக்குக் கைமாறியது. அக்கம்பக்கத்து நாட்டோடு நல்லுறவு, அங்குள்ள அரசு நிலைத்திருத்தல் என்பதே அன்றைய கணக்கு. 1971-ல் இலங்கையின் இடதுசாரி ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்க இந்தியா ஹெலிகாப்டர்களும் கடற்படைக் காவலும் அனுப்பியதும் அந்தக் கணக்கில்தான்.

1983: தூதும் துப்பாக்கியும்

1983 ஜூலை 23-ல் பதின்மூன்று சிங்களப் படையினர் தமிழீழ விடுதலைப் புலிகளின் தாக்குதலில் இறந்த இடம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. (அக்கரையிலும் ஒரு திருநெல்வேலி உண்டு என்பதை நம்மூர்க்காரர் பலர் அன்றுதான் செய்தியில் கேட்டிருப்பார்கள்.) மறுநாள் கொழும்பில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரியத் தொடங்கின. பல நாள் நீடித்த அந்தக் கறுப்பு ஜூலை முடிவதற்குள் வெளியுறவு அமைச்சர் பி. வி. நரசிம்ம ராவை இந்திரா காந்தி கொழும்புக்கு அனுப்பினார். பிறகு ஜி. பார்த்தசாரதி தனித் தூதராகப் போய் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவோடு பேசி, மாவட்டங்களை இணைத்து மண்டல சபைகள் அமைக்கும் திட்டத்தை உருவாக்கினார். ‘இணைப்பு சி’ எனப்பட்ட அந்த வரைவு, 1984-ல் கொழும்பில் ஓராண்டு நடந்த அனைத்துக்கட்சி மாநாட்டில் கரைந்து போனது.

அதே நேரத்தில் மறுகையும் வேலை செய்தது. டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எப்., ஈராஸ், புலிகள் உள்ளிட்ட தமிழ்ப் போராளிக் குழுக்களுக்கு இந்திய உளவு அமைப்பான ரா பயிற்சி கொடுத்தது. பத்திரிகைகள் எழுதின, தில்லி மறுத்தது. தனி ஈழம் அமைப்பது இந்திரா காந்தியின் எண்ணத்தில் இருந்ததற்குச் சான்று இல்லை. சொந்த நாட்டில் பஞ்சாபும் வடகிழக்கும் கொதித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து நாட்டைப் பிரித்துக் கொடுக்க எந்தப் பிரதமரும் துணியமாட்டார். ஆயுதம் ஒரு நெம்புகோல்: அமெரிக்கா, இஸ்ரேல், பாகிஸ்தான் பக்கம் சாய்ந்த ஜெயவர்த்தனாவைப் பேச்சு மேசைக்கு இழுக்கவும், திருகோணமலைத் துறைமுகம் வேறு வல்லரசின் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளவும். நெம்புகோலாக இருக்கப் போராளிகள் சம்மதிக்கவில்லை என்பதே அடுத்த ஏழாண்டுக் கதை.

இதற்கிடையே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டார்கள். முதல்வர் எம்.ஜி.ஆர். புலிகளுக்குப் பணம் கொடுத்தார். கருணாநிதி ‘டெசோ’ என்ற ஈழ ஆதரவு அமைப்பின் மாநாட்டை நடத்தினார். ஈழப் பிரச்சினை தமிழ்நாட்டுத் தேர்தல் அரசியலோடு இப்படிப் பின்னிக்கொண்டதால், தில்லி அதை வெறும் வெளியுறவு விவகாரமாகக் கையாள முடியாமல் போயிற்று.

திம்புவிலிருந்து ஒப்பந்தம் வரை

ராஜீவ் காந்தி பிரதமரானதும் வேகம் மாறியது. 1985 ஜூலை, ஆகஸ்டில் பூட்டானின் திம்புவில் இலங்கை அரசையும் தமிழ் அமைப்புகளையும் இந்தியா ஒரே மேசையில் உட்கார வைத்தது. தமிழர் தரப்பு நான்கு கோட்பாடுகளை வைத்தது: தனித் தேசிய இனம், தாயகம், சுயநிர்ணய உரிமை, அனைவருக்கும் குடியுரிமை. முதல் மூன்றையும் கொழும்பு நிராகரித்தது. பேச்சு முறிந்தது.

1987 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை. மே மாதக் கடைசியில் வடமராட்சி மீது இராணுவத் தாக்குதல். ஜூன் 3-ல் இராமேசுவரத்திலிருந்து 19 படகுகளில் உணவு அனுப்பினார் ராஜீவ். இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் பிற்பகல், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து ஏறத்தாழ 25 டன் பொருளைப் பாராசூட்டில் இறக்கின. ‘பூமாலை நடவடிக்கை’ என்று அதற்குப் பெயர். அந்த 25 டன் ஒரு நகரத்துக்கு ஒருநாள் சாப்பாட்டுக்கும் காணாது. பூமாலை போட்டது யாழ்ப்பாணத்துக்கு என்றாலும் சேதி கொழும்புக்கு. மேற்கு நாடுகள் எதுவும் உதவிக்கு வரவில்லை என்று கண்டதும் ஜெயவர்த்தனா இறங்கி வந்தார்.

1987 ஜூலை 29-ல் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கை பல இன, பல மொழிச் சமூகம் என்றும், வடக்கும் கிழக்கும் தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழிடம் என்றும் அது ஒப்புக்கொண்டது. இரு மாகாணங்களையும் தற்காலிகமாக இணைத்தது. போராளிகள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். இந்தியா அதற்கு உத்தரவாதம். கூடவே கைமாறிய கடிதங்களில்தான் இந்தியாவின் சொந்தக் கவலை எழுதப்பட்டிருந்தது: திருகோணமலையை இந்தியாவுக்கு எதிராகப் பயன்படுத்த யாருக்கும் கொடுக்கக் கூடாது, அங்குள்ள எண்ணெய்க் குதங்களை இரு நாடும் சேர்ந்து சீரமைக்க வேண்டும், அந்நிய உளவாளிகளையும் வானொலி நிலையங்களையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். யாருடைய போரை நிறுத்துவதாகச் சொன்னார்களோ அந்தப் புலிகள் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே அல்ல. புலித் தலைவர் பிரபாகரனைத் தில்லிக்குக் கூட்டிவந்து அசோக் ஓட்டலில் வைத்து ஒப்பந்தத்தை விளக்கினார்கள். இலங்கைப் பிரதமர் பிரேமதாசா விழாவுக்கே வரவில்லை. மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போது சிங்களக் கடற்படை வீரர் ஒருவர் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவைத் தாக்கினார்.

அமைதிப்படை

ஆகஸ்ட் 4-ல் சுதுமலைக் கூட்டத்தில் பிரபாகரன் ஆயுதத்தை இந்தியாவிடம் ஒப்படைப்பதாகச் சொன்னார், ஒப்படைத்தது கொஞ்சம்தான். செப்டம்பர் 26-ல் புலி இயக்கத்தின் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் தொடக்கத்தில், பிடிபட்ட புலித் தளபதிகள் குமரப்பாவும் புலேந்திரனும் உடனிருந்தவர்களும் கொழும்புக்குக் கொண்டுபோகப்படும் நிலையில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அக்டோபர் 10-ல், ஒப்பந்தத்தைக் காக்கச் சென்றிருந்த இந்திய அமைதிப்படை புலிகள்மீது பாய்ந்தது. யாழ்ப்பாணத்தைப் பிடிக்க இரண்டு வாரத்துக்கு மேலாகியது. அக்டோபர் 21-22-ல் யாழ் மருத்துவமனைக்குள் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் அமைதிப்படையினரின் குண்டுக்குப் பலியானார்கள். பூமாலையை வரவேற்ற மக்கள் நான்கே மாதத்தில் இந்திய ராணுவ லாரியைக் கண்டால் ஒளியத் தொடங்கினார்கள்.

உச்சத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இருந்த அந்தப் படை 1,100-க்கும் மேற்பட்டவர்களை இழந்தது. 1987 நவம்பரில், மாகாண சபைகளை அமைக்கும் இலங்கை அரசியலமைப்பின் 13-வது திருத்தம் நிறைவேறியது. 1988 கடைசியில் வரதராஜப் பெருமாள் தலைமையில் வடகிழக்கு மாகாண சபையும் அமைந்தது. ஆனால் குடியரசுத் தலைவரான பிரேமதாசா படையை வெளியேறச் சொன்னார். அதே புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தார். வி. பி. சிங் ஆட்சியில், 1990 மார்ச் 24-ல் கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது. சென்னையில் இறங்கிய படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. இறந்த வீரர்களுக்கான நினைவிடத்தைப் பிற்காலத்தில் இலங்கை அரசு கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் எழுப்பியது.

ஒதுங்கிய காலம்

1991 மே 21-ல் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி புலிகளால் கொல்லப்பட்டார். மறு ஆண்டு மே மாதம் புலிகள் இயக்கம் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதற்குப் பிறகு தில்லி தள்ளி நின்றது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு புலிகளிடம் வீழ்ந்து, யாழ்ப்பாணத்தில் சிக்கிய இலங்கைப் படையினருக்காகக் கொழும்பு உதவி கேட்டபோது வாஜ்பாய் அரசு படை அனுப்ப மறுத்து, மனிதாபிமான உதவிக்கு மட்டும் தயார் என்றது. 2002-ல் நார்வே நடத்திவைத்த போர்நிறுத்தத்தை வரவேற்றது. ஆனால் அந்த அமைதி முயற்சியின் இணைத் தலைமை நாடுகள் வரிசையில் சேரவில்லை. தடைசெய்த இயக்கத்தோடு ஒரே மேசையில் உட்கார முடியாது என்பது ஒரு காரணம்.

ஒதுங்கியிருந்தாலும் கொடுக்கல் வாங்கல் நிற்கவில்லை. 1998-ல் தடையற்ற வணிக உடன்பாடு கையெழுத்தானது. 2000-ல் இந்தியக் கடலோரக் கண்காணிப்புக் கப்பல் ஒன்று ‘சயுர’ என்ற பெயரில் இலங்கைக் கடற்படைக்குப் போயிற்று.

2009

2006-ல் மீண்டும் மூண்ட போரில் இந்தியா சொன்னது: தாக்கும் ஆயுதம் தரமாட்டோம், தற்காப்புக் கருவிகள் மட்டுமே. 2008 செப்டம்பரில் வவுனியா தளத்தைப் புலிகள் தாக்கியபோது ரேடார் பணியில் இருந்த இந்தியத் தொழில்நுட்பர் இருவர் காயமடைந்தார்கள். ‘தற்காப்பு’ எவ்வளவு முன்வரிசையில் இருந்தது என்று அப்போதுதான் வெளியே தெரிந்தது. இரு தரப்பிலும் மூவர் குழு அமைத்து நேரடியாகப் பேசிக்கொண்டார்கள்: இங்கே தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம். கே. நாராயணன், வெளியுறவுச் செயலர் சிவசங்கர் மேனன், பாதுகாப்புச் செயலர் விஜய் சிங். அங்கே குடியரசுத் தலைவரின் ஆலோசகர் பசில் ராஜபக்ச, பாதுகாப்புச் செயலர் கோத்தபய ராஜபக்ச, குடியரசுத் தலைவரின் செயலர் லலித் வீரதுங்க.

2008 அக்டோபரில் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் பதவி விலகுவார்கள் என்று கருணாநிதி கூட்டிய அனைத்துக்கட்சிக் கூட்டம் அறிவித்தது. பசில் தில்லி வந்து போனார். 800 டன் நிவாரணப் பொருள் அனுப்புவதாகத் தில்லி சொன்னது. விலகல் பேச்சு அடங்கியது. 2009 ஜனவரி 29-ல் சென்னையில் மத்திய அரசு அலுவலகமான சாஸ்திரி பவன் முன்பு, போரை நிறுத்தக் கோரி முத்துக்குமார் என்ற இளைஞர் தீக்குளித்து இறந்தார். அவர் ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக் கொழுவைநல்லூர். ஏப்ரல் 27-ல் கருணாநிதி அண்ணா சமாதியில் சில மணி நேரம் உண்ணாவிரதம் இருந்தார். கனரக ஆயுதங்களை நிறுத்துவதாகக் கொழும்பு அன்று அறிவித்ததும் முடித்துக்கொண்டார். குண்டுவீச்சு நிற்கவில்லை. மே 13-ல் தமிழ்நாடு வாக்களித்தது, 16-ல் முடிவு வந்தது, 18-ல் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. கடைசிக் கட்டத்தில் பொதுமக்கள் 40,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் கூறியது.

ஜெனீவா

2009 மே 27-ல் ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை தன்னைத் தானே பாராட்டிக்கொண்ட தீர்மானம் 29 வாக்கில் வென்றது. அதில் ஒன்று இந்தியாவுடையது. 2012-ல் தமிழ்நாட்டு நெருக்கடியில் அமெரிக்கத் தீர்மானத்தை ஆதரித்தது, ஆனால் ஐ.நா. உதவி இலங்கை அரசின் இசைவோடு மட்டுமே என்ற திருத்தத்தைச் சேர்க்க வைத்த பிறகு. 2013-லும் ஆதரவு; தீர்மானம் போதாது என்று வாக்கெடுப்புக்கு முன்பே தி.மு.க. மத்திய ஆட்சியிலிருந்து வெளியேறியது. 2014, 2021, 2022-ல் வாக்களிக்காமல் ஒதுங்கியது.

ஒவ்வொரு முறையும் இந்தியப் பிரதிநிதி சொல்வது 13-வது திருத்தத்தை முழுமையாக நிறைவேற்றுங்கள் என்பதையே. வடக்கு கிழக்கு இணைப்பை இலங்கை உச்ச நீதிமன்றம் 2006-லேயே செல்லாது என்றுவிட்டது. 2013-ல் முதன்முறையாகத் தேர்தல் கண்ட வடக்கு மாகாண சபை ஐந்தாண்டு முடிந்து 2018-ல் கலைந்தது.

போர் முடிந்து இரண்டாண்டு கழித்து, 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் மறுபடி ஓடியது. சில மாதத்தில் நின்றும் போனது. போருக்குத் தப்பி வந்தவர்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டு முகாம்களில் இருந்தபோது, 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையை விட்டுவிட்டு மூன்று நாடுகளைச் சேர்த்தது. 2021-ல் தமிழ்நாடு அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. தூத்துக்குடி மாவட்டத்துத் தாப்பாத்தி முகாமிலும் பெயர்ப்பலகை அப்படித்தான். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்கும் குடியுரிமை இன்னும் எட்டவில்லை.