சில்லறையைச் சேர்த்தால் தோட்டமும் வாங்கலாம்

தோட்ட வீடுகளில் முருங்கையும் கறிவேப்பிலையும் கொல்லையிலேயே கிடைத்தன. ஈப்போ அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள் அவற்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டியுள்ளது. பூந்தொட்டியில் கறிவேப்பிலையும் மிளகாயும் வளர்த்தாலே அந்தச் செலவு குறையும்.

60 வாட் குண்டு பல்பு தினமும் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட் மின்சாரம் செலவாகும். 9 வாட் எல்இடி விளக்குக்கு ஒன்றரை யூனிட்டுகூட ஆகாது. பருப்பை ஊறவைத்து, மூடிபோட்டு வேகவைத்தால் கேஸ் மிச்சம். சொட்டும் குழாயின் கீழ் இரவில் வாளி வைத்துப் பாருங்கள். வீணாகும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும்.

மிச்சப்பட்ட காசை அன்றே தனியாக எடுத்து வைக்க வேண்டும். இல்லையேல் வேறு செலவில் கரைந்துவிடும்.

இதற்குப் பேராக்கிலேயே முன்னுதாரணம் உண்டு. வெள்ளைக்காரர்களின் ரப்பர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், பாட்டாளிகள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி.சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, ஆளுக்கு 10 வெள்ளி போடும்படி கேட்டார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அந்தச் சிறுசேமிப்பு, கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கத்தின் முதல் சொத்தாக்கியது.